டர்போவுக்குத் தானாக நிற்கத் தெரியாது

சிங்கப்பூரில் புதுக் கார் வாங்க ஷோரூம் ஏறி இறங்கியவர்கள் 97 என்ற எண்ணைக் கண்டிப்பாகக் கேட்டிருப்பார்கள். ஒரு பெட்ரோல் கார் சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) ஏ பிரிவில் வரவேண்டுமென்றால் எஞ்சின் 1600 சிசியைத் தாண்டக்கூடாது, சக்தியும் 97 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது. 2014 பிப்ரவரிக்கு முன்னால் சிசியை மட்டும்தான் பார்த்தார்கள். டர்போ வைத்த சின்ன எஞ்சினோடு விலையுயர்ந்த கார்களும் ஏ பிரிவுக்குள் நுழைய ஆரம்பித்த பிறகுதான் சக்திக்கும் வரம்பு வந்தது.

இதனால் ஒரு வேடிக்கையான நிலைமை. 2021-ல் வந்த ஹோண்டா சிவிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1.5 லிட்டர் டர்போ எஞ்சின். மலேசியாவில் அது 182 பிஎஸ் (குதிரைசக்தி அளவு; 97 கிலோவாட் என்பது சுமார் 132 பிஎஸ்), பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் ஏ பிரிவுக்காக 129 பிஎஸ். சிசி மாறவில்லை, சிலிண்டர் எண்ணிக்கை மாறவில்லை. அப்படியென்றால் எதைக் கழற்றிவிட்டார்கள் என்று பலரும் கேட்கிறார்கள். நல்ல கேள்வி, ஏனென்றால் இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் டர்போ கார் எப்படி இயங்குகிறது என்பதில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

பதில் காற்றில் இருக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சலாம், அது சுலபம். ஆனால் காற்று இருக்கிற அளவுக்குத்தான் எரியும். எஞ்சின் எவ்வளவு காற்றை விழுங்குகிறதோ அவ்வளவுதான் சக்தி. டர்போ இல்லாத 1.5 லிட்டர் எஞ்சின், சுற்றியிருக்கும் காற்றின் சாதாரண அழுத்தத்தை நம்பித்தான் சுவாசிக்கிறது, அதாவது கடல்மட்டத்தில் சுமார் 1 பார். டர்போ அந்தக் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. சாதாரண அழுத்தத்துக்கு மேல் இன்னும் 1 பார் தள்ளினால், சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ளும் வரை, 1.5 லிட்டர் எஞ்சினுக்கு 3 லிட்டர் எஞ்சினின் காற்று கிடைத்த மாதிரி. அந்தக் கூடுதல் அழுத்தத்தைத்தான் பூஸ்ட் என்கிறோம். ஆக, எவ்வளவு பூஸ்ட் விடலாம் என்ற உத்தரவை மாற்றினாலே சக்தி மாறிவிடும். சிசியில் கை வைக்கவே தேவையில்லை.

சரி, அந்த உத்தரவை யார் போடுகிறார்கள், யார் நிறைவேற்றுகிறார்கள்?

டர்போ என்பது ஒரே தண்டின் இரண்டு முனைகளில் மாட்டிய இரண்டு சக்கரங்கள். ஒரு பக்கம் எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மறுபக்கம் கம்ப்ரஸர் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்குகிறது. வீணாகப் போகும் புகையின் ஆற்றலில் ஓடும் காற்றமுக்கி, அவ்வளவுதான். ஆல்ஃபிரட் புக்கி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905-லேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சுழலும் வேகம் மட்டும் நம்பமுடியாத அளவுக்கு இருக்கும். கார்களில் வரும் சின்ன டர்போக்கள் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்று என்று போகும்.

இங்கேதான் முக்கியமான சிக்கல் வருகிறது, புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் தாண்டிவிடுகிற இடமும் இதுதான். பூஸ்ட் கூடினால் எஞ்சினுக்குள் காற்று கூடும், கூடவே பெட்ரோலும் கூடும், அதனால் புகை கூடும், அந்தப் புகை டர்பைனை இன்னும் வேகமாகச் சுழற்றும், பூஸ்ட் இன்னும் கூடும். புளோக் கீழ்த்தளத்தில் ஒரு கல்யாண விருந்து நடக்கும்போது மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் கீச்சென்று கத்துமே, அதே வகைச் சுழற்சி: வெளியே போனது உள்ளே வந்து, பெரிதாகி மறுபடியும் வெளியே போகிறது. டர்போவை அதன் போக்கில் விட்டால், எஞ்சின் உடையும் வரையோ டர்போ உடையும் வரையோ ஏறிக்கொண்டே போகப் பார்க்கும். அதனால் பூஸ்ட் கன்ட்ரோல் என்றால் பூஸ்ட்டை உண்டாக்குகிற வேலை என்று நினைக்காதீர்கள். அது தானாகவே உண்டாகும். சரியான இடத்தில் பிடித்து நிறுத்துவதுதான் வேலை.

பிடித்து நிறுத்துவதற்குச் சுலபமான வழி, புகையின் ஒரு பகுதியை டர்பைன் பக்கமே போகவிடாமல் குறுக்கு வழியில் வெளியே அனுப்பிவிடுவது. இதற்காக டர்பைன் கூட்டுக்குள் ஒரு சின்னக் கதவு இருக்கும். பெயர் வேஸ்ட்கேட். மூடியிருந்தால் புகை முழுவதும் டர்பைன் வழியாகப் போகும், பூஸ்ட் ஏறும். திறந்தால் ஒரு பங்கு புகை டர்பைனைச் சுற்றிக்கொண்டு நேராக சைலன்சர் பக்கம் போய்விடும், பூஸ்ட் அதற்கு மேல் ஏறாது. கதவு பெரிய காசு அளவுதான் இருக்கும். பெட்ரோல் எஞ்சினில் 900 டிகிரிக்கு மேல் போகும் புகைக்கு நடுவே, காரின் ஆயுள் முழுவதும் திறந்து திறந்து மூடுகிற கதவு. எனக்கு டர்போவில் மிகவும் பிடித்த பாகம் இதுதான், சுழலும் சக்கரங்களைவிட.

கதவைத் திறப்பது யார்? பழைய வடிவமைப்பில் ஒரு தகர டப்பா. ஆக்சுவேட்டர் என்பார்கள். டப்பாவுக்குள் ஒரு ரப்பர் சவ்வு, சவ்வுக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங், சவ்விலிருந்து வெளியே நீளும் ஒரு கம்பி. கம்பியின் மறுமுனை வேஸ்ட்கேட் கதவோடு கோத்திருக்கும். கம்ப்ரஸரிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் இந்த டப்பாவுக்கு வரும். பூஸ்ட் ஏறும்போது அதே அழுத்தம் குழாய் வழியாக வந்து சவ்வைத் தள்ளும். ஸ்பிரிங் தாங்குகிற வரை ஒன்றும் நடக்காது. ஸ்பிரிங்கை மிஞ்சியதும் கம்பி நகரும், கதவு திறக்கும், பூஸ்ட் நின்றுவிடும். மின்சாரம் கிடையாது, கணினி கிடையாது. டர்போ தான் உண்டாக்கிய அழுத்தத்தை வைத்தே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது.

அழகான ஏற்பாடுதான், ஆனால் ஸ்பிரிங் ஒரே ஒரு அளவைத்தான் அறியும். 0.5 பார் ஸ்பிரிங் என்றால் எப்போதும் ஏறக்குறைய 0.5 பார்தான், குளிரோ வெயிலோ, நல்ல பெட்ரோலோ சுமார் பெட்ரோலோ. போதாததற்கு, கதவு ஒரேயடியாகத் திறக்காது. 0.5-ஐ நெருங்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய ஆரம்பித்துவிடும், அதனால் பூஸ்ட் ஏறுவதும் தாமதமாகும்.

இங்கே சொலினாய்டு வால்வு, அதாவது மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு, உள்ளே வருகிறது. தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் பெட்டி, மூன்று குழாய் முனைகள். கம்ப்ரஸருக்கும் ஆக்சுவேட்டருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். இதன் வேலை ஆக்சுவேட்டரிடம் பொய் சொல்வது. கம்ப்ரஸரில் உண்மையில் 0.9 பார் இருக்கும், வால்வு அதில் ஒரு பகுதியை மூன்றாவது முனை வழியாகத் திரும்ப உள்ளிழுக்கும் பக்கமே விட்டுவிடும், ஆக்சுவேட்டருக்கு 0.4 பார்தான் போய்ச் சேரும். இன்னும் நேரம் வரவில்லை என்று ஸ்பிரிங் கதவை மூடியே வைத்திருக்கும். இப்படி ஸ்பிரிங் அனுமதிப்பதைவிட அதிக பூஸ்ட் கிடைக்கிறது. எவ்வளவு அதிகம் என்பதைக் காரின் கணினி, அதாவது இசியூ முடிவு செய்கிறது. வால்வை நொடிக்கு முப்பது தடவை போலத் திறந்து மூடும்; ஒவ்வொரு தடவையும் எத்தனை சதவீத நேரம் திறந்திருக்கிறது என்பதை மாற்றி மாற்றி பூஸ்ட்டைத் தனக்கு வேண்டிய இடத்தில் நிறுத்தும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு புத்திசாலித்தனம் ஒளிந்திருக்கிறது. வால்வுக்கு மின்சாரம் நின்றுபோனால் என்ன ஆகும்? அழுத்தம் முழுவதும் ஆக்சுவேட்டருக்கே போகும், கதவு சீக்கிரம் திறக்கும், பூஸ்ட் ஸ்பிரிங் அளவோடு நின்றுவிடும். கார் மந்தமாக இருக்கும், எஞ்சின் பிழைத்துக்கொள்ளும்.

இசியூ எதை வைத்து முடிவெடுக்கிறது என்று பார்க்கலாம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் நேராக பூஸ்ட் கேட்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். இப்போதைய கார்களில் நீங்கள் கேட்பது முறுக்குவிசை. இத்தனை நியூட்டன் மீட்டர் வேண்டும் என்று மிதி சொல்கிறது. அதற்கு எவ்வளவு காற்று வேண்டும், அந்தக் காற்றுக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று இசியூ கணக்குப் போட்டு ஓர் இலக்கு வைக்கிறது. இந்தக் கணக்கில் இருக்கும் உச்சவரம்பைக் குறைத்து எழுதிவிட்டால் 182 பிஎஸ் 129 ஆகிவிடும். பிறகு உள்ளே உண்மையில் என்ன அழுத்தம் இருக்கிறது என்று ஒரு சென்சார் சொல்லும். இலக்குக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து வால்வைத் திருத்தும், மறுபடியும் பார்க்கும், மறுபடியும் திருத்தும். பூஸ்ட் வேகமாக ஏறும்போது இலக்கைத் தொடுவதற்கு முன்பே கதவைத் திறக்க ஆரம்பிக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றரை லட்சம் சுற்றில் இருக்கும் சக்கரம் உடனே நிற்காமல் இலக்கைத் தாண்டி எகிறிவிடும். எப்போது திறக்க ஆரம்பிப்பது என்பதில்தான் நல்ல காருக்கும் சுமாரான காருக்கும் வித்தியாசம் தெரியும்.

இதைக் கண்ணால் பார்க்க ஆசையென்றால் காரின் கண்டறியும் சாக்கெட்டில் செருகும் சின்ன ப்ளூடூத் கருவி ஒன்று போதும். போனில் செயலியைத் திறந்து பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள், ஓட்டுபவர் போனைத் தொடக்கூடாது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டால் உள்ளழுத்தம் 100, 101 கிலோபாஸ்கல், அதாவது ஏறக்குறைய 1 பார் காட்டும். நம்மைச் சுற்றியிருக்கும் காற்று அது. ஸ்டார்ட் செய்து சும்மா விட்டால் 30, 40-க்கு இறங்கும், ஏனென்றால் த்ராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடு) மூடியிருக்க எஞ்சின் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. தீவு விரைவுச்சாலையில் சேரும் சரிவுப் பாதையில் அழுத்தி மிதிக்கும்போது அந்த எண் 100-ஐத் தாண்டும் கணம்தான் பூஸ்ட் ஆரம்பிக்கிற கணம். 150, 160 என்று ஏறி ஓரிடத்தில் கொஞ்சம் தாண்டி, கொஞ்சம் இறங்கி, அப்புறம் அப்படியே நிற்கும். அந்தச் சின்னத் தடுமாற்றம்தான் இசியூ கதவைத் திருத்துகிற நேரம். மிதித்ததற்கும் எண் ஏறியதற்கும் நடுவே இருக்கும் இடைவெளி, டர்போ தாமதம் என்று எல்லோரும் சொல்வது.

நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. காற்றை அமுக்கினால் சூடாகும். 30 டிகிரி காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கும்போது கம்ப்ரஸரிலிருந்து வெளிவருவது 100 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். சூடான காற்று இலேசாகிவிடும், அதோடு பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கும் அபாயமும் வரும், நாக்கிங் என்று சொல்வது அதைத்தான். அதனால் நடுவில் இன்டர்கூலர் வைத்து ஆறவைக்கிறார்கள். ஆனால் இன்டர்கூலரால் வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது, நமக்கோ வெளிக்காற்றே வருஷம் முழுவதும் முப்பதைச் சுற்றித்தான். மத்தியான நெரிசலில் ஊர்ந்துவிட்டு உடனே வேகமெடுத்தால் கார் வழக்கத்தைவிட மந்தமாக இருப்பது போல உங்களுக்குத் தோன்றியிருந்தால் அது கற்பனை இல்லை. காற்று சூடாக இருப்பதைப் பார்த்து இசியூவே இலக்கைக் குறைத்துக்கொள்கிறது.

நாக்கிங்தான் டர்போ கார்களின் பழைய எதிரி. 1962-ல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர், டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. நாக்கிங்கைத் தடுக்க அதில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் பீய்ச்சினார்கள். திரவத் தொட்டி காலியானால் பூஸ்ட்டைக் குறைத்துவிடும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடும் இருந்தது. பல உரிமையாளர்கள் தொட்டியை நிரப்பவே இல்லை, பிறகு சக்தி இல்லை என்று குறைப்பட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் சாப் நிறுவனம் நல்ல தீர்வு கொண்டுவந்தது: எஞ்சின் உடம்பில் நாக்கிங்கைக் காதால் கேட்பது போன்ற ஒரு சென்சார், சத்தம் கேட்டால் சொலினாய்டு வழியாக பூஸ்ட்டைக் குறைப்பது. இன்று எல்லா டர்போ பெட்ரோல் கார்களிலும் அந்த யோசனையின் வாரிசு இருக்கிறது.

பெட்ரோலில் 95 ஆக்டேன் போடலாமா 98 போடலாமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் வந்துவிடுகிறது. உங்கள் காரின் கையேடு 95 போதும் என்றால், இசியூவின் இலக்குகளை 95-ஐ நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள். 98 ஊற்றினால் 97 கிலோவாட் 110 ஆகிவிடாது. 98 வேண்டும் என்று கையேடு சொல்கிற காரில் 95 ஊற்றினால் நாக்கிங் கேட்டு இசியூ தீப்பொறி நேரத்தையும் பூஸ்ட்டையும் பின்வாங்கும். காசு மிச்சம் என்று நினைத்து சக்தியை இழப்பீர்கள்.

மலேசியாவின் கெந்திங் மலைக்குக் காரில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். மலையில் 1,800 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத கார் அங்கே மூச்சுத் திணறும். டர்போ கார் இசியூ வெளியழுத்தத்தையும் அளந்து, வேஸ்ட்கேட்டை இன்னும் மூடிப் பிடித்து இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். டர்போ வழக்கத்தைவிட வேகமாகச் சுழன்று உழைக்கும், அவ்வளவுதான்.

இப்போதைய பல கார்களில் தகர டப்பாவும் ரப்பர் குழாயும் இல்லை, வேஸ்ட்கேட்டை ஒரு சின்ன மின்மோட்டாரே நகர்த்துகிறது. இதனால் பூஸ்ட் இல்லாத நேரத்தில்கூடக் கதவைத் திறந்து வைக்க முடியும். விரைவுச்சாலையில் நிதானமாக 80-ல் போகும்போது கதவு திறந்திருந்தால் புகை தடையில்லாமல் வெளியேறி கொஞ்சம் பெட்ரோல் மிச்சமாகும். டீசல் வாகனங்களில் பெரும்பாலும் வேஸ்ட்கேட்டே கிடையாது. டர்பைனைச் சுற்றியிருக்கும் சிறு தகடுகள் திரும்பி, புகை பாயும் இடைவெளியைக் குறுக்கியோ அகட்டியோ அதே வேலையைச் செய்கின்றன. 2006-ல் போர்ஷே 911 டர்போ என்ற பெட்ரோல் காரிலும் அந்த முறை வந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் புஸ்ஸென்று சத்தம் வருமே, அது வேறு வால்வு. த்ராட்டில் திடீரென்று மூடும்போது சிக்கிக்கொள்ளும் காற்று கம்ப்ரஸரை அடித்துவிடாமல் வழிவிடுவது அதன் வேலை. உச்ச பூஸ்ட்டைத் தீர்மானிப்பதில் அதற்குப் பங்கில்லை.

பழுது விஷயத்துக்கு வருவோம். இது தெரிந்திருந்தால் உண்மையிலேயே பணம் மிச்சமாகும். நண்பர் ஒருவரின் எட்டு வருஷப் பழைய கார், மிதித்தால் முரட்டுத்தனமாக இழுத்து, சட்டென்று சக்தி போய், எச்சரிக்கை விளக்கோடு ஊர்ந்து வந்தது. ஒரு பட்டறையில் டர்போவையே மாற்றவேண்டும் என்று விலை சொன்னார்கள். காக்கி புக்கிட்டில் வேறு ஒருவரிடம் காட்டினோம். அவர் ஆக்சுவேட்டர் முனையில் அளவு முள் வைத்த கைப் பம்பை மாட்டி மெதுவாக அழுத்தினார். 0.4 பார் வந்ததும் கம்பி வழவழவென்று நகர்ந்தது, பம்பை விட்டதும் திரும்பி வந்தது. "அண்ணே, டர்போவுக்கு ஒன்னுமில்ல, கதவும் நல்லா இருக்கு. இந்த ஹோஸைப் பாருங்க" என்று கம்ப்ரஸரிலிருந்து வரும் பென்சில் தடிமன் குழாயை விரலால் வளைத்துக் காட்டினார். நேராக இருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. வளைத்ததும் கிளிப்புக்குப் பக்கத்தில் வெடிப்பு வாய் திறந்தது. எஞ்சின் சூட்டில் ரப்பர் காய்ந்து போயிருந்தது. குழாயை மாற்றியதோடு பிரச்சினை முடிந்தது.

ஏன் அப்படி நடந்தது என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம். குழாய் கிழிந்ததால் ஆக்சுவேட்டருக்கு அழுத்தம் போகவில்லை, கதவு திறக்கவில்லை, பூஸ்ட் இலக்கைத் தாண்டி ஏறியது, இசியூ பயந்து த்ராட்டிலை மூடி பாதுகாப்பு நிலைக்குப் போய்விட்டது. இதே கிழிசல் இன்டர்கூலருக்குப் போகும் பெரிய குழாயில் இருந்திருந்தால் கதை தலைகீழ்: அமுக்கிய காற்று வெளியே கசிந்து பூஸ்ட் இலக்கை எட்டாமல் கார் மந்தமாகியிருக்கும். பழுதுக் குறியீட்டில் பி0234 என்றால் பூஸ்ட் அதிகம், பி0299 என்றால் பூஸ்ட் குறைவு. பி0299 வந்தாலே டர்போ போய்விட்டது என்று பட்டறையில் சொன்னால், காற்றுக் குழாய்களுக்குள் சோதனைப் புகை விட்டுக் கசிவு பார்த்தீர்களா, ஆக்சுவேட்டர் கம்பி நகருகிறதா, சொலினாய்டை சோதித்தீர்களா என்று வரிசையாகக் கேளுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் தகரம் ஆடுவது போல ஒரு கிலுகிலு சத்தம் டர்போ பக்கமிருந்து வந்தால், வேஸ்ட்கேட் கதவின் முளை தேய்ந்திருக்கலாம். அதையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏ பிரிவில் கார் வாங்கிவிட்டு, மென்பொருளை மாற்றி அடைத்து வைத்த சக்தியைத் திறந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தொழில்நுட்ப ரீதியில் முடியும், இலக்கு எண்களை மாற்றுவதுதான் அது. ஆனால் உங்கள் காருக்குள் இருக்கும் கியர்பாக்ஸ், கிளட்ச், இன்டர்கூலர் எல்லாம் அதிக சக்தி மாடலில் இருப்பவையேதானா என்பது காருக்குக் கார் மாறும். உத்தரவாதம் போகும், காப்பீட்டில் சிக்கல் வரும், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். அதற்கப்புறமும் செய்வதாக இருந்தால், செய்பவரிடம் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த பதிவைக் கேளுங்கள்: இலக்கு பூஸ்ட், உண்மை பூஸ்ட், உள்ளே போகும் காற்றின் சூடு, நாக்கிங்குக்காக இசியூ எவ்வளவு பின்வாங்கியது. நம் ஊர் மத்தியான வெயிலில் எடுத்த பதிவாக இருக்க வேண்டும். அதைக் காட்ட மறுப்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.